ஜைன தீட்சையைப் படமாக்கினால் அம்மாவை எங்கே நிறுத்துவது?

கொட்டகைக்காரன் கேட்டது:

வணக்கம். அரை மணி நேரக் குறும்படம் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை நடப்பது அகமதாபாத்தில். குஜராத்தி ஜைனக் குடும்பம், துணி வியாபாரம், ஒரே மகள் தீட்சை வாங்கித் துறவியாகப் போகிறாள். தீட்சைக்கு முந்தைய ஒரு வாரம்தான் படம்.

கடைசியில் அம்மா மகளின் காலைக் கட்டிக்கொண்டு கதற வேண்டும், மகள் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்கிறார் தயாரிப்பாளர். எனக்கு அது ஒட்டவில்லை. அதற்குப் பதில் என்ன வைப்பது என்றும் பிடிபடவில்லை.

ஜைனத் துறவியை வைத்து வந்த படங்களில் என்னைப் பாதித்தது 'ஷிப் ஆஃப் தீசியஸ்'. ஆனந்த் காந்தி எடுத்தது, தேசிய விருது வாங்கியது. மைத்ரேயர் என்ற துறவியாக நீரஜ் கபி நடித்திருப்பார். ஈரல் கெட்டுப்போகும், விலங்குகளை வதைத்துச் சோதித்த மருந்தைத் தொட மாட்டேன் என்பார். அந்தப் பாத்திரத்துக்காக மனிதர் எலும்பும் தோலுமாக இளைத்திருப்பார். ஆனால் அவருடைய வாதமெல்லாம் சார்வாகன் என்று பெயர் வைத்த அந்த இளைஞனோடுதான். இந்த மனிதருக்கு ஒரு அம்மா இருந்திருப்பாளே, அவள் எங்கே என்ற கேள்வி படம் முடிந்தும் என்னை விடவில்லை.

யூட்யூபில் தீட்சை விழா வீடியோக்கள் கொட்டிக்கிடக்கின்றன. எல்லாவற்றிலும் ட்ரோன் ஷாட், ஸ்லோ மோஷனில் பறக்கும் அரிசி, கல்யாண வீடியோ பாட்டு. குடும்பத்தின் முகம் ஒன்றில்கூட நிற்கவில்லை.

யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? துறவையும் பாசத்தையும் சேர்த்துக் காட்டிய படமோ கதையோ தெரிந்தால் சொல்லுங்கள்.

பழையபடம் பாஸ்கர் பதில்:

வடக்கே போகுமுன் நம் ஊரில் ஒன்று பார்த்துவிட்டுப் போங்கள் தம்பி. 1964இல் வந்த 'பூம்புகார்'. கலைஞர் வசனம், ப. நீலகண்டன் இயக்கம். எஸ்.எஸ்.ஆர். கோவலன், விஜயகுமாரி கண்ணகி. கவுந்தி அடிகளாக வருவது கே.பி. சுந்தராம்பாள். கவுந்தி சமணத் துறவி என்பதே நம் ஆட்களில் பாதிப் பேருக்கு நினைவில்லை.

கே.பி.எஸ்.ஸை அந்த வேடத்தில் பார்க்கும்போது ஒரு விஷயம் மனதில் ஓடும். கணவர் கிட்டப்பா 1933இல் போனபிறகு இந்த அம்மா சொந்த வாழ்க்கையிலேயே வெள்ளைப் புடவைக்குப் போனவர். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிக்க மாட்டேன் என்று நின்றவர். துறவி வேஷம் போட அவருக்குத் தனியாக மேக்கப் தேவைப்பட்டிருக்காது.

அப்புறம் படத்தை விட்டுவிட்டு சிலம்பையே எடுத்துப் படியுங்கள். வயல் வழியாக நடந்தால் நண்டும் நத்தையும் காலில் மிதிபடுமே என்று கவலைப்படுகிற அம்மா அவர். போகிற வழியில் இரண்டு பேர் வந்து, 'கூட வருகிற இவர்கள் யார்?' என்று கேட்கும்போது 'என் மக்கள்' என்கிறார். துறந்தவருக்கு ஏது மக்கள்? ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் புருஷன் பெண்டாட்டியாக வாழ்வதுண்டா என்று அவர்கள் கிண்டல் செய்ய, நண்டுக்கு அஞ்சிய அதே அம்மா நரியாகப் போங்கள் என்று சபித்துவிடுகிறார்! கோவலனும் கண்ணகியும் கெஞ்சிய பிறகுதான் சாபம் பன்னிரண்டு மாதமாகக் குறைகிறது. கோவலன் கொலையுண்டான் என்று கேட்டதும் உண்ணாநோன்பிருந்து உயிரை விடுகிறார். துறவுக்குள் பாசம் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் காட்சி வேண்டுமா?

மணிநகர் மீனா பதில்:

நான் பிறந்து வளர்ந்தது அகமதாபாத் மணிநகரில். தாத்தா மில் வேலைக்கு வந்தவர். வீட்டுக்குள் தமிழ், படியிறங்கினால் குஜராத்தி. மாடியில் நாங்கள், கீழே ஒரு ஜைனக் குடும்பம். சுவேதாம்பரர், அதாவது வெள்ளையுடைத் துறவிகளின் மரபு; அதிலும் கோயிலுக்குப் போய் மூர்த்தி பூஜை செய்கிற பிரிவு. அந்த வீட்டு அம்மாவை 'மாசி' என்றும் அவர் வீட்டுக்காரரை 'மாசா' என்றும் கூப்பிடுவேன். அவர்களுடைய மூத்த மகள் தீட்சை வாங்கினார். நான் அப்போது பள்ளிக்கூடப் பெண். அதனால் இந்த விஷயத்தில் சினிமாக்காரர்களோடு எனக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் 'ஒரு வாரம்'. அதுதான் கோளாறு. பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் பொதுவாக எந்த ஆச்சாரியரும் தீட்சை கொடுக்க மாட்டார். சங்கத்தார் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் சபையில் 'எங்களுக்குச் சம்மதம்' என்று குடும்பம் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன அம்மா ஒரு வாரம் கழித்து எப்படிக் காலைக் கட்டிக்கொள்வாள்? கண்ணீர் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் யுத்தம் என்று ஒன்று நடந்தால் அது அதற்கு வெகுகாலம் முன்னால், சமையலறையில், யாரும் கேமரா வைக்காத நேரத்தில் நடந்து முடிந்திருக்கும்.

மாசி வாதாடியே நான் கேட்டதில்லை. அவர் சமைத்தார். அந்த மகளை நான் 'பென்' (அக்கா) என்பேன். பென் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தார்: முதலில் இருட்டிய பிறகு சாப்பாடு, அப்புறம் செருப்பு, அப்புறம் மெத்தை. அந்தக் கடைசி வெயில் காலத்தில் மாசி தினமும் கேரி ரஸ் பிழிந்தார். மாம்பழச் சாறும் பூரியும் பென்னுக்கு உயிர். ஆத்ரா நட்சத்திரம் பிறந்துவிட்டால் கட்டுப்பாடான ஜைனர் வீட்டில் மாம்பழம் உள்ளே வராது. ஜூன் மாதம் இருபது தேதிக்கு மேல் அவ்வளவுதான். அதற்குள் எத்தனை கிண்ணம் கொடுக்க முடியுமோ கொடுத்துவிட வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஒரு வெறி. பென் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ருசித்தும் சாப்பிடவில்லை. அரைக் கிண்ணம் குடித்துவிட்டு, மீதியை மாடிக்கு என்னிடம் கொடுத்தனுப்புவார். அந்த வருஷம் எனக்கு உடம்பெல்லாம் வேனல் கட்டி.

பிறகு ஃபேனை விட்டார். மே மாதம் அகமதாபாத்தில் ஃபேன் இல்லாமல் படுத்துப் பாருங்கள், தெரியும். மாசி மகள் அறையிலேயே தரையில் படுத்தார், அவரும் சுவிட்சைத் தொடவில்லை. மாசா மட்டும் ஹாலில் ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு, 'இந்த வீட்டில் யார் தீட்சை வாங்கப்போவது என்றே எனக்குப் புரியவில்லை' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். உங்கள் படத்தில் இந்த மனிதருக்கு நல்ல நடிகராகப் போடுங்கள். எல்லாரும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருக்க, அப்பாக்கள் இப்படித்தான் மூலையில் உட்கார்ந்து கரைவார்கள்.

விழா சத்தமும் சந்தோஷமுமாகத்தான் இருக்கும், அதை மாற்றாதீர்கள். முதல் நாள் வர்கோடா ஊர்வலம். பென் கல்யாணப் பெண் மாதிரி பட்டுடுத்தி, மருதாணி வைத்து, ரதத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அரிசியையும் காசையும் தெருவுக்கு வீசிக்கொண்டு வந்தார். மகாவீரர் துறவுக்கு முன் ஒரு வருஷம் முழுக்கத் தானம் கொடுத்தார் அல்லவா, அந்த நினைவாக. மறுநாள் மண்டபத்தில் ஏலம். ஆமாம், ஏலம்தான். புதுத் துறவிக்குக் கம்பளி கொடுக்கிற பாக்கியம் யாருக்கு, மரப்பாத்திரம் கொடுக்கிற பாக்கியம் யாருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் போட்டி போட்டுக் கேட்பார்கள், பணம் சங்கத்துக்குப் போகும். வெளியாள் பார்த்தால் முகம் சுளிப்பார். ஆனால் கம்பளிக்குப் பென்னின் தாய்மாமன் விடாமல் ஏற்றிக்கொண்டே போனதை நான் பார்த்தேன். சூரத் வியாபாரி ஒருவர் எதிரே ஏற்ற, இவர் எழுந்து நின்றுவிட்டார். தங்கை மகளுக்கு அவர் கையால் கடைசியாகக் கொடுக்க முடிந்தது அந்தக் கம்பளி ஒன்றுதான். வியாபாரி சிரித்துக்கொண்டு கைகூப்பி உட்கார்ந்துவிட்டார்.

குரு கையிலிருந்து ஓகா வாங்கியதும் பென் ஆடினார். ஓகா என்றால் பூச்சிகளை நோகாமல் விலக்கக் கையிலேயே வைத்திருக்கும் கம்பளி நூல் துடைப்பம். அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடுவது வழக்கம்தான், ஆனால் அது ஒத்திகை பார்த்த ஆட்டம் அல்ல. பிறகு உள்ளே கூட்டிப்போய் நகையைக் கழற்றி, தலையை மழித்தார்கள். பெண் குரு தன் கையால் பிடுங்குவதற்காகக் கொஞ்சம் முடியை மட்டும் விட்டுவைத்தார்கள். நகைகள் ஒவ்வொன்றாக மாசி மடியில் விழுந்தன. அவர் அழவில்லை. ஒற்றைத் தோட்டைக் காணோம் என்று தரையில் தேடிக்கொண்டிருந்தார்.

இதோடு படத்தை முடித்துவிடலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். எனக்கோ கதையே இனிமேல்தான் என்று படுகிறது. சில வருஷம் கழித்து அவர்களுடைய குழு சாதுர்மாசத்துக்கு எங்கள் பகுதி உபாசிரயத்துக்கு, அதாவது துறவிகள் தங்கும் இடத்துக்கு, வந்தது. மழைக்கால நாலு மாதமும் ஒரே ஊர். மாசி தினமும் போனார். மகள் பலகையில், அம்மா தரையில். 'மத்தேண வந்தாமி' என்று அம்மா விழுந்து கும்பிட, 'தர்மலாப்' என்று மகள் ஆசி சொல்வார். தெருவில் போகிற யார் கும்பிட்டாலும் கிடைக்கிற அதே தர்மலாப். 'சாதாவா (சுகமா) இருக்கிறீர்களா?' என்று மரியாதைப் பன்மையில் உடம்பை விசாரிக்க வேண்டும். 'தேவ குரு பசாய்' என்று பதில் வரும், தெய்வத்தாலும் குருவாலும் நலம் என்று அர்த்தம். தலை வலிக்கிறதா, கால் வெடித்திருக்கிறதா, ஒன்றும் அதிலிருந்து தெரியாது. மாசா ஆண்பிள்ளை, கிட்டே போகவே முடியாது. தூணோரம் நின்று கும்பிட்டுவிட்டு வருவார்.

ஒருநாள் கோசரிக்கு, அதாவது உணவுப் பிச்சைக்கு, எங்கள் கட்டடத்துக்கே வந்தார்கள், பென்னும் இன்னொரு சாத்வியும் (பெண் துறவி). மாசி ரொட்லி வைத்தார். ஒன்று, இரண்டு. மூன்றாவதை எடுக்கும்போது பென் பாத்திரத்தின் மேல் கையை வைத்து, 'கப் நதி' என்றார். தேவையில்லை என்பதற்குத் துறவிகள் சொல்வது அது. மாசி கையில் ரொட்லியோடு நின்றார். கூட வந்த வயதான சாத்வி அதைப் பார்த்துவிட்டுத் தன் பாத்திரத்தை நீட்டினார். மாசிக்கும் தெரியும், எல்லாம் உபாசிரயத்தில் ஒன்றாகப் பகிரப்படும், தன் ரொட்லி யார் வாய்க்குப் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் வைத்தார். இந்த ஒரு நிமிஷத்தை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

இவர்களுடைய புராணமே பாசத்தைத் தள்ளிவைத்துப் பேசுவதில்லை. கல்பசூத்திரம் என்ற அவர்கள் நூலில் மகாவீரர் கர்ப்பத்தில் இருக்கிறார். அசைந்தால் அம்மாவுக்கு வலிக்குமே என்று அசையாமல் இருக்கிறார். குழந்தை போய்விட்டதோ என்று திரிசலா அழ, அவர் மெல்ல அசைகிறார். பார்க்கும் முன்பே இவ்வளவு பாசமா, இவர்கள் இருக்கும்வரை துறவு போக மாட்டேன் என்று அப்போதே முடிவெடுக்கிறார். பெற்றவர்கள் போனபோது அவருக்கு வயது 28. அண்ணன் நந்திவர்தனர் கேட்டுக்கொண்டதற்காக இன்னும் இரண்டு வருஷம் வீட்டில் இருந்து, 30இல்தான் கிளம்புகிறார். தீர்த்தங்கரரே வீட்டாரின் சம்மதத்துக்குக் காத்திருந்தார். உங்கள் தயாரிப்பாளரிடம் இதைச் சொல்லுங்கள்.

பொன்னூர்மலை அடிவாரம் பதில்:

மீனா அம்மா எழுதியது அருமை. ஆனால் கர்ப்பக் கதை சுவேதாம்பரருடையது. நாங்கள் வந்தவாசிப் பக்கத் தமிழ்ச் சமணர், திகம்பரர், அதாவது முனிவர்கள் ஆடையையும் துறக்கிற மரபு. எங்கள் மரபில் அந்தக் கதையும் இல்லை, மகாவீரருக்குக் கல்யாணமும் இல்லை.

ஆனால் எங்கள் பக்கத்திலும் உங்களுக்கு ஒரு காட்சி இருக்கிறது. திகம்பர முனிவருக்கு நாளுக்கு ஒரே வேளை ஆகாரம். நின்றபடி, இரண்டு கையையும் சேர்த்து, அதில் வைப்பதைச் சாப்பிடுவார். தண்ணீரும் அப்போது மட்டும்தான். காலையில் வலதுகை விரல்களைக் குவித்துத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்புவார். மனதுக்குள் ஒரு விதி வைத்திருப்பார்: கலசத்தோடு நிற்கும் வீட்டில்தான் நிற்பேன், தேங்காய் வைத்திருப்பவர் வீட்டில்தான் நிற்பேன், இப்படி ஏதாவது. யாரிடமும் சொல்ல மாட்டார். பொருந்தும் வீடு கிடைக்காவிட்டால் பட்டினியாகத் திரும்பிவிடுவார். தெரு முழுக்க ஆட்கள் வாசலில் நின்று, 'நமோஸ்து, நமோஸ்து, அத்ர திஷ்ட திஷ்ட' என்று கூப்பிடுவார்கள்.

என் பெரியப்பா பெரியம்மாவின் சம்மதத்தோடு துறவு போனவர். ஒருமுறை அவருடைய சங்கம் எங்கள் ஊர் வழியாக வந்தது. பெரியம்மா கலசத்தோடு வாசலில் நின்றார். அவர் நிற்காமல் போய்விட்டார். அடுத்த வீட்டிலும் கலசம்தான், அங்கேயும் நிற்கவில்லை. எதிர் வீட்டில் மாங்கொத்து வைத்துக்கொண்டு நின்றார்கள், அங்கே நின்றார். அப்படியானால் மற்றவர்களும் சுத்தமாகப் போய்ச் சேர்ந்து கொடுக்கலாம். பெரியம்மா தெருவைக் கடந்து போய், 'மனசுத்தி, வசனசுத்தி, காயசுத்தி' சொல்லி, ஒரு கவளம் கையில் வைத்தார். அந்த நேரத்தில் அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். சாப்பாட்டில் ஒரு முடி தென்பட்டாலும் அந்தராயம், முனிவர் அப்படியே கையை விட்டுவிடுவார், அப்புறம் மறுநாள்வரை தண்ணீர்கூடக் கிடையாது. அதற்குப் பயந்து பெரியம்மா தலையில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்.

செஞ்சி பக்கம் திருநாதர்குன்று போயிருக்கிறீர்களா? ஐம்பத்தேழு நாள் உண்ணாமலிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் பெயர் பாறையில் வெட்டியிருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் நாளை எண்ணிவிட்டு வியந்து திரும்புகிறார்கள். எனக்கு அங்கே நிற்கும்போதெல்லாம், அந்த ஐம்பத்தேழு நாளும் கீழே ஊரில் யார் அடுப்பு மூட்டாமல் இருந்தார்களோ என்று தோன்றும்.

நாத்திகன் நாகு பதில்:

எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. எட்டு வயது, ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கும் ரதம் கட்டி ஊர்வலம் விடுகிறார்களே, அதை யார் எழுதுவது? அதைத் தடுக்க 1930களிலேயே பரோடா சமஸ்தானம் சட்டம் போட்டது, சும்மாவா போட்டார்கள்? அம்மாவின் சம்மதம் என்று உருகுகிறீர்கள், குழந்தையின் சம்மதத்துக்கு என்ன பொருள்? படம் எடுக்கிறவர் இதைத் தொடாமல் ரொட்லியைக் காட்டினால் அது விளம்பரப் படம்.

மணிநகர் மீனா பதில்:

நாகு சார், நான் சொன்ன பென் கல்லூரி முடித்தவர், குழுவோடு பல மாதம் வெறுங்காலில் நடந்து பழகிப் பார்த்துவிட்டு முடிவெடுத்தவர். எட்டு வயதுக் குழந்தை விஷயத்தில் நீங்கள் கேட்பதே என் கேள்வியும். அது வேறு படம், அதில் பெற்றவர்கள் வேறு மாதிரி நிற்பார்கள். இரண்டையும் அரை மணி நேரத்தில் திணித்தால் இரண்டுமே கெடும்.

பொன்னூர்மலைக்காரரே, ஈரத்துணியைப் படித்துவிட்டு அம்மாவிடமும் சொன்னேன். மருதேவி கதையும் உங்கள் பக்கம் கிடையாதோ? மகன் ரிஷபர், முதல் தீர்த்தங்கரர், காட்டில் என்ன கஷ்டப்படுகிறானோ என்று அழுது அழுது கண் தெரியாமல் போன அம்மா, யானை மேல் ஏறிப் பார்க்க வருகிறாள்; தேவர்கள் சூழ அவர் உட்கார்ந்திருக்க, இவள் பக்கம் திரும்பவும் இல்லை. 'இவனுக்காகவா அழுதேன்?' என்று நினைத்த நொடியில் யானை மேலேயே அவளுக்கு ஞானம் வந்து, மகனுக்கு முன்னால் மோட்சமும் போய்விடுகிறாள். மாசி இதை எத்தனை முறை சொன்னாலும் ஒரே இடத்தில் சிரிப்பார்: 'பார், தவம் அவன் செய்தான், முதலில் போனது அம்மா.'

கொட்டகைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. 'ஒரு வார'த்தைத் தூக்கிவிட்டேன். கேரி ரஸ்ஸில் தொடங்கி சாதுர்மாசத்தில் முடிக்கப் பார்க்கிறேன். தயாரிப்பாளரிடம் இன்னும் பேசவில்லை. மீனா அம்மா, உபாசிரயக் காட்சியை உண்மையான உபாசிரயத்தில், உண்மையான சாத்விகளோடு எடுக்க அனுமதி கிடைக்குமா?

மணிநகர் மீனா பதில்:

கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமாகக் கடைப்பிடிக்கிறவர்கள் மின்சாரத்தையே பயன்படுத்துவதில்லை. மைக்கும் கிடையாது, விளக்கும் கிடையாது. நீங்கள் லைட் போட்டால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். நடிகையை வையுங்கள், ஆனால் வசனம் கற்றுக்கொடுக்கும் முன் ஒரு மாதம் வெறுங்காலில் நடக்கச் சொல்லுங்கள். பாதம் சொகுசாக இருந்தால் எங்கள் ஊர்க் கிழவிகள் முதல் ஷாட்டிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம், ரொட்லி சூடாக ஆவி பறக்க வேண்டும் என்று கேமராமேன் கேட்பார். விடாதீர்கள். அவர்கள் வருகிற நேரத்துக்கு அடுப்பு எரிந்துகொண்டிருக்கக் கூடாது, செய்து மூடிவைத்ததைத்தான் கொடுக்க முடியும்.